பொலிகிடாவை டெஸ்டோஸ்டிரோன் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமா?

பட்டிக்காரன்:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் 34 செம்மறிப் பெட்டைகள், ஒரு பொலிகிடா. கறிக்கான வளர்ப்புதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் வெளியிலிருந்து கிடா வாங்குவதை நிறுத்தினேன். என் பட்டியில் பிறந்த கிடாக்குட்டிகளை மூன்றாம் மாதம் எடை போட்டு, எது முதலில் வருகிறதோ அதையே அடுத்த பொலிகிடாவாக நிறுத்துவேன். இப்படி நாலு கிடா மாறியாகிவிட்டது. குட்டிகளின் வளர்த்தியில் பலன் கண்ணுக்குத் தெரிகிறது, அதில் எனக்குக் குறையே இல்லை.

குறை வேறு இடத்தில். முன்பெல்லாம் கிடாவைச் சேர்த்தால் ஈத்து ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். போன தடவை இரண்டு மாதத்துக்கு மேல் இழுத்தது. சினை பிடித்துவிட்டது என்று நினைத்த ஆடுகள் மறுபடி பருவத்துக்கு வந்தன. இரட்டைக்குட்டியும் குறைந்துவிட்டது. இப்போதிருக்கிற கிடா பார்க்கக் காளை மாதிரி இருப்பான். ஆனால் காலையில் திறந்துவிட்டால் இரண்டு ஆட்டை மோந்து பார்ப்பான், மேலுதட்டைச் சுருட்டுவான், அப்புறம் நிழலில் போய் நின்றுகொள்வான்.

என் மைத்துனர் சொல்கிறார்: "எடை எடை என்று பொறுக்கியதில் ஆண் ஹார்மோனை அழித்துவிட்டாய்." இது உண்மையா? அடுத்து நிறுத்த 7 மாதக் கிடாக்குட்டிகள் மூன்று தயாராக இருக்கின்றன. மூன்றுக்கும் ரத்தம் எடுத்து டெஸ்டோஸ்டிரோன் பார்த்து, அதிகம் இருப்பதை வைத்துக்கொள்ளலாம் என்று யோசிக்கிறேன். இதைச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

மின்னல்வீரன்:

பரிசோதனை எல்லாம் எதுக்கு ப்ரோ, டெஸ்டோஸ்டிரோன் ஊசி ரெண்டு போட்டு விடுங்க, கிடா நிழலுக்கே போகாது.

---

ஊசிக்காரர்:

தம்பி, முதலில் மேலே சொன்ன ஊசியை மறந்துவிடுங்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால், "இதுதான் வேண்டிய மட்டும் இருக்கிறதே" என்று மூளை தன் கட்டளையை நிறுத்திவிடும். விதைக்கு அந்தக் கட்டளையைக் கொண்டுபோகிற எல்எச் என்ற ஹார்மோன் படுத்துவிடும், விதை சுருங்கும், விந்தணு குறையும். கிடா ஏறுவான், ஆடு சினை பிடிக்காது. உங்கள் பிரச்சினை இன்னும் ஒரு படி மோசமாகும்.

அடுத்து உங்கள் ரத்தப் பரிசோதனை யோசனை. ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணை ஒன்றில் பல வருஷம் எனக்கு இதுதான் வேலை, இங்கே என் பெயரே அதனால் வந்ததுதான். கிடாவின் கழுத்து ரத்தக்குழாயில் மெல்லிய குழாயைச் செருகிக் கட்டிவிட்டு, விடிகாலை ஆறு மணியிலிருந்து பொழுது சாயும்வரை 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுப்போம். பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்திருக்க வேண்டும், சத்தம் போடக்கூடாது. கிடா மிரண்டால் அன்றைய உழைப்பே வீண், ஏனென்றால் பயமே எல்எச்சை அமுக்கிவிடும். ஒருநாள் எவனோ வாளியைத் தடாலென்று போட்டுவிட்டான். அடுத்த மூன்று மணி நேரத்துக் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

அந்த அளவுகளை வரைபடத் தாளில் புள்ளி வைத்தால் என்ன தெரியும் தெரியுமா? எல்எச் தட்டையாகக் கிடக்கும், கிடக்கும், திடீரென்று ஒரு குத்து எழும்பும். அரை மணி, முக்கால் மணி கழித்து டெஸ்டோஸ்டிரோன் பின்னாலேயே ஏறும். பிறகு இரண்டும் இறங்கிவிடும். ஒரு நாளில் இது சில தடவை நடக்கும். அதே கிடாவிடம் காலை 10:20-க்கு எடுத்ததில் 2 நானோகிராம் இருந்தது, 11:20-க்கு 14. கிடா அதே இடத்தில் நின்று அசை போட்டுக்கொண்டிருந்தான். நீங்கள் மூன்று குட்டிக்கும் ஆளுக்கு ஒரு குப்பி எடுத்தால், எந்தக் குட்டி நல்லது என்று தெரியாது. எந்தக் குட்டி அந்த நேரத்தில் மலையின் மேலே இருந்தது, எது பள்ளத்தில் இருந்தது என்றுதான் தெரியும்.

இனி உங்கள் அசல் கேள்விக்கு வருகிறேன். தேர்வு செய்து வளர்த்தால் கிடாவின் ஹார்மோன் மாறுமா? மாறும். ஆனால் "கூடும், குறையும்" என்று நாம் நினைக்கிற விதத்தில் இல்லை.

மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ், அது விட்டு விட்டு ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோனை அனுப்பும். பக்கத்திலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அதைக் கேட்டு எல்எச், எஃப்எஸ்எச் என்ற இரண்டு ஹார்மோன்களையும் விடும். எல்எச் விதையில் டெஸ்டோஸ்டிரோன் செய்ய வைக்கும். எஃப்எஸ்எச், விந்தணுவைப் பாலூட்டி வளர்ப்பது மாதிரி வளர்க்கிற செர்டோலி செல்களைக் கவனித்துக்கொள்ளும். கிடா பருவத்துக்கு வருவதற்குள் அந்தச் செல்களின் எண்ணிக்கை ஏறத்தாழ முடிவாகிவிடும். ஒரு செல் இத்தனை விந்தணுவைத்தான் தாங்கும் என்று ஒரு கணக்கு உண்டு. ஆகவே குட்டிப் பருவத்து எஃப்எஸ்எச் நாளைய விதையின் அளவையே தீர்மானிக்கிறது. வேடிக்கை என்னவென்றால், பெரிய விதையில் செர்டோலி செல் அதிகம், அவை விடுகிற இன்ஹிபின் என்ற ஹார்மோனும் அதிகம், அது எஃப்எஸ்எச்சைக் கீழே தள்ளும். அதாவது நல்ல கிடாவின் ரத்தத்தில் எஃப்எஸ்எச் குறைவாக இருக்கலாம்! அறிக்கையை மட்டும் பார்ப்பவன் அவனைக் கழித்துவிடுவான்.

1973-இல் ரோஜர் லேண்ட் என்ற மரபியலாளர் ஒரு அழகான யோசனை சொன்னார். எல்எச்சும் எஃப்எஸ்எச்சும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதானே. அப்படியானால் ஆணின் விதை அளவைப் பார்த்தே அவன் மகள்கள் எத்தனை கருமுட்டை விடுவார்கள் என்று ஊகிக்கலாமே என்றார். எடின்பரோவில் ஃபின்-டார்செட் கலப்பு ஆடுகளில் இதைச் செய்தும் பார்த்தார்கள். எடைக்கு ஏற்பத் திருத்திய விதை அளவை வைத்துக் கிடாக்குட்டிகளைப் பிரித்து, பெரியது ஒரு வரிசை, சின்னது ஒரு வரிசை என்று தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள். விதை அளவு நன்றாகவே பிரிந்தது. மகள்களின் கருமுட்டை மட்டும் எதிர்பார்த்தபடி ஏறவில்லை. நான் முதலில் படித்தபோது எனக்கே ஏமாற்றமாக இருந்தது, அவ்வளவு கச்சிதமான யோசனை அது.

இன்னொரு சோதனை என் மனதுக்கு நெருக்கமானது. பத்து வாரக் கிடாக்குட்டிக்கு ஜிஎன்ஆர்எச் ஊசி போட்டு, எல்எச் எவ்வளவு எழும்புகிறது என்று அளந்தார்கள். அதிகம் எழும்பியவர்கள் ஒரு வரிசை, குறைவாக எழும்பியவர்கள் ஒரு வரிசை. சில வருஷங்களில் இரண்டுக்கும் பல மடங்கு வித்தியாசம் வந்துவிட்டது. ஆக, மாறியது பிட்யூட்டரியின் காது கேட்கும் திறன். இதை ஒரு குப்பி ரத்தத்தில் பார்க்க முடியாது, தட்டி எழுப்பிவிட்டு அளந்தால்தான் தெரியும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தேர்வு சோதனை ஒன்று ஆயிரக்கணக்கான வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது, அதற்குப் பெயர் வீட்டு வளர்ப்பு. ஸ்காட்லாந்துக்கு மேற்கே கடலில் உள்ள செயின்ட் கில்டா தீவின் சோவே இனக் கிடாக்களையும் காட்டு மூஃப்லான் கிடாக்களையும் பாருங்கள். பருவம் முடிந்தால் விதை நன்றாகச் சுருங்கிப்போகும், பகல் குறையத் தொடங்கிய பிறகுதான் ஹார்மோன் மறுபடி தலைதூக்கும். சோவே கிடாக்களை அறைக்குள் வைத்து, 16 வாரம் நீண்ட பகல், 16 வாரம் குறுகிய பகல் என்று விளக்கைப் போட்டு அணைத்தே இந்தச் சுழற்சியை ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். வீட்டு இனங்களில் இந்த ஏற்ற இறக்கம் குறைவு. வருஷத்துக்கு இன்னொரு ஈத்து வேண்டும் என்று மனிதன் பொறுக்கிப் பொறுக்கி எடுத்ததில் தேய்ந்தது ஹார்மோனின் அளவு அல்ல, அதன் நாட்காட்டி.

எனவே மைத்துனருக்கு என் பதில்: நாலு தலைமுறை எடைத் தேர்வில் ஆண் ஹார்மோன் அழிந்துபோகாது. வளர்த்தி கூடினால் விதையும் பொதுவாகக் கூடவே வளரும். உங்கள் பட்டியில் வேறு ஏதோ நடக்கிறது.

---

நோட்டுப்புத்தகம்:

ஐயா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அந்த "வேறு ஏதோ"வைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம்.

பட்டிக்காரன் அண்ணா, மூன்றாம் மாத எடையில் முதலில் வருவது எந்தக் குட்டி? பெரும்பாலும் ஒத்தைக் குட்டி. பால் முழுதும் அதற்கே. இரட்டையில் பிறந்தது பாதிப் பாலில் வளர்ந்து பின்தங்கியே நிற்கும், தாயிடமிருந்து எவ்வளவு நல்ல குணம் வாங்கியிருந்தாலும் சரி. திருத்தாமல் எடையை மட்டும் பார்த்தால் நாம் நல்ல கிடாவைப் பொறுக்கவில்லை, ஒத்தைக் குட்டி போடுகிற தாயைப் பொறுக்குகிறோம். நானே ஐந்து வருஷம் இதைச் செய்தேன். இரட்டை குறைந்தபோது தீவனத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு நோட்டில் ஒவ்வொரு குட்டிக்கும் எதிரே "ஒ", "இ" என்று ஓர் எழுத்து போடத் தொடங்கினேன். ஒத்தையை ஒத்தையோடும் இரட்டையை இரட்டையோடும்தான் ஒப்பிடுவேன்.

அப்புறம், நாலு கிடாவும் சொந்தப் பட்டி என்றால் அப்பன் மகளையே சேர்கிற நிலை வந்திருக்குமே? உள்ளுக்குள்ளேயே சேர்ந்தால் முதலில் அடி வாங்குவது சினை பிடிப்பதுதான்.

ஐயாவிடம் ஒரு கேள்வி. என்னிடம் ஒரு கிடா இருந்தான். விதை அருமை, உடம்பு அருமை, ஆனால் பெட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான், மற்ற கிடாக்கள் மேலேயே ஏறுவான். இது ஹார்மோன் குறைவா?

---

ஊசிக்காரர்:

அம்மா, நான் கால் பக்கத்துக்கு ஹார்மோன் பேசியதற்கு நீங்கள் சொன்ன "ஒ", "இ" எவ்வளவோ மேல். எனக்கு அது தோன்றவே இல்லை.

உங்கள் கிடாவைப் பற்றி. அமெரிக்காவின் ஐடஹோவில் இருக்கும் அரசு ஆட்டு ஆராய்ச்சி நிலையத்தில் இதை நிறையப் பார்த்திருக்கிறார்கள். நூற்றுக்குச் சுமார் 8 கிடாக்கள் கிடாக்களையே நாடுகின்றன. அவற்றின் மூளையில் ஒரு சிறு நரம்புத் திரள், பெட்டையை நாடும் கிடாக்களுக்கு இருப்பதைவிடச் சிறியதாக இருக்கிறது. அது பிறப்பதற்கு முன்பே அமைகிற சங்கதி. வளர்ந்த பிறகு ரத்தத்தில் தேடிப் பயனில்லை.

பொதுவாகவே ஆசையும் டெஸ்டோஸ்டிரோன் அளவும் நாம் நினைக்கிற மாதிரி கைகோத்துப் போவதில்லை. ஒரு குறைந்தபட்ச அளவு வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் கூடுதலாக இருப்பதால் கிடா கூடுதலாக ஏறமாட்டான். மந்தமானவனும் சுறுசுறுப்பானவனும் ஒரே அளவோடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆசையைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, பருவத்தில் இருக்கிற இரண்டு மூன்று பெட்டைகளோடு சின்னப் பட்டியில் விட்டு, இருபது நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான்.

இரட்டைக்குட்டி பற்றி இன்னொன்று. சில வம்சங்களில் அது கிடாவின் ஹார்மோனைத் தொடாமலே வருகிறது. ஆஸ்திரேலியாவின் பூரூலா மெரினோ ஆடுகளில் ஒற்றை மரபணு மாற்றம், கருமுட்டைப்பையிலேயே நேரடியாக வேலை செய்கிறது. அந்த மரபணு என்னவென்று 2001-இல் கண்டுபிடித்தார்கள். ஒரு பிரதி இருந்தால் ஒரு பருவத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை முட்டை கூடும், இரண்டு இருந்தால் மூன்று. நியூசிலாந்தின் இன்வர்டேல் மரபணு இன்னும் விசித்திரம். அது எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் கிடா தன் மகள்கள் எல்லோருக்கும் கொடுப்பான், மகன்களில் ஒருவனுக்கும் கொடுக்கமாட்டான். அவனுக்கு ஒரு குறையும் இருக்காது. ஆனால் இரண்டு பக்கமிருந்தும் வாங்கிய பெட்டை மலடாகிவிடும். இந்தக் கிடாக்களின் விதையை அளந்தாலும் சரி, ரத்தத்தைப் பார்த்தாலும் சரி, எதுவும் தெரியாது.

இப்போது பட்டிக்காரன் தம்பிக்கு வேலை. தையல்காரர் வைத்திருக்கிற நாடா ஒன்று எடுங்கள். கிடாக்குட்டியை உட்கார வைக்காமல், நின்ற வாக்கில், பின்னாலிருந்து விதைப்பையின் கழுத்தைப் பிடித்து இரண்டு விதையையும் மெதுவாக அடிக்கு இறக்குங்கள். தோலில் சுருக்கம் போனதும் பெருத்த இடத்தில் நாடாவைச் சுற்றுங்கள். இறுக்க வேண்டாம், தொட்டால் போதும். பெரிய உடம்பு இனங்களில் ஒரு வயதுக் கிடாவுக்கு 30 செ.மீ.க்குக் குறைந்தால் யோசிப்பார்கள். உங்கள் இனம் எதுவோ எனக்குத் தெரியாது, அதனால் மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். ஒரு கிராம் விதை நாளொன்றுக்குச் சுமார் 2 கோடி விந்தணு செய்கிறது. ஆகவே நாடாவில் தெரிகிற இரண்டு சென்டிமீட்டர் சின்ன விஷயமில்லை. இந்த அளவு ஓரளவு மகன்களுக்கும் இறங்கும். எடையால் வகுத்து விகிதம் மட்டும் பார்க்காதீர்கள், சின்ன உடம்புக்காரன் சுலபமாக ஜெயித்துவிடுவான்.

அளந்த கையோடு அமுக்கிப் பாருங்கள். நல்ல விதை, முறுக்கிய புஜம் மாதிரி திண்ணென்று இருக்கும். வெந்த கத்தரிக்காய் மாதிரி குழைந்தால் சரியில்லை. அடி நுனியில் கோலிகுண்டு அளவு ஒரு முடிச்சு கைக்குத் தட்டுப்படும், அது விந்து சேமிக்கும் இடம், இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இப்போதிருக்கிற பெரிய கிடாவையும் விடாதீர்கள். அவன் கொழுத்திருந்தால் விதைப்பையின் கழுத்தில் கொழுப்பு தேங்கியிருக்கிறதா பாருங்கள். விதை உடம்பைவிட நாலைந்து டிகிரி குளிர்ச்சியாக இருந்தாக வேண்டும், கொழுப்பு போர்வை போட்டுவிடும். கிடாவைச் சேர்ப்பதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் காய்ச்சல் ஏதும் வந்ததா என்றும் யோசியுங்கள். ஒரு விந்தணு உருவாகி வெளியே வர ஏறக்குறைய அவ்வளவு நாள் ஆகிறது, அன்றைய காய்ச்சல் இன்றுதான் தெரியும்.

---

மின்னல்வீரன்:

சாரி ஐயா, ஜிம் ஞாபகத்துல எழுதிட்டேன். 🙏

---

பட்டிக்காரன்:

இரண்டு நாளாகப் பட்டியிலேயே இருந்தேன். எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று குட்டிகளையும் அளந்தாகிவிட்டது. பெரியவன் 46 கிலோ, 26.5 செ.மீ. இவனைத்தான் மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்தேன். இரண்டாமவன் 43 கிலோ, 29. மூன்றாமவன் 41 கிலோ, 30. மூன்றாமவன் மட்டும்தான் இரட்டை. அவனை இன்று காலை பருவத்தில் இருந்த இரண்டு பெட்டைகளோடு விட்டேன். கடிகாரத்துக்கு வேலையே வைக்கவில்லை.

அக்கா, நோட்டு என்னிடம் இல்லை. ஆனால் எடை எழுதிய பழைய காலண்டர் தாள்களை என் மனைவி வைத்திருந்தாள். நாலு பொலிகிடாவும் ஒத்தைக் குட்டிகள். கடைசி மூன்றும் அப்பன், மகன், பேரன். எழுதிப் பார்க்கும்வரை எனக்கு உறைக்கவே இல்லை.

அப்புறம் பெரிய கிடா. அவனை நிற்கவைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. வலது பக்கத்து முடிச்சு ஐயா சொன்ன மாதிரி கோலிகுண்டு. இடது பக்கம் எலுமிச்சை அளவு, கல் மாதிரி. தொட்டதும் உதைத்தான். வலியில்தான் நிழலில் போய் நின்றிருக்கிறான் போல, நான் சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்தேன். படத்தைக் கால்நடை மருத்துவருக்கு அனுப்பினேன். தொற்றாக இருக்கலாம், மற்ற கிடாக்களோடு சேர்க்காதே, வியாழக்கிழமை வந்து மாதிரி எடுக்கிறேன் என்றார். தனியாகக் கட்டியிருக்கிறேன்.

மைத்துனரிடம் இன்னும் சொல்லவில்லை.

---

ஊசிக்காரர்:

அந்த இளங்குட்டிகள் மூன்றும் இதுவரை அவனோடு ஒரே பட்டியில்தானே இருந்தன? அப்படியானால் வியாழக்கிழமை அவற்றுக்கும் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை மூன்றாமவனையும் பெட்டைகளிடம் விட வேண்டாம்.